கழிவுக்குழாயின் வளைவு: குளியலறைக் குழாய்ப் பணியின் குறைகளும் திருத்தங்களும்

வீட்டைப் புதுப்பிக்கும்போது அதிகச் செலவும் அதிகச் சச்சரவும் உண்டாகும் இடம் குளியலறை. டைல்ஸ், கோப்பை, குழாய்த் திருகு ஆகியவை கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் சுவருக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் ஓடும் குழாய்கள் தெரியாது. வாட்டம் சரியில்லாத தளம், ஓதம் ஏறிய சுவர், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாத நாற்றம் ஆகிய எல்லாமே வேலை முடிந்து, கூலி கொடுத்து, கொத்தனாரும் பிளம்பரும் போன பிறகுதான் வெளிப்படும். அதற்குள் குறை டைல்ஸுக்கு அடியில் புதைந்துவிட்டிருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பழைய வீடுகளுக்குள் ஃபிளஷ் கழிப்பறைகள் புகுந்தபோது அது தொடங்கியது. வீட்டைக் காக்கும் கருவி 1775-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் ஏழைகளும் இறந்தார்கள், பிரபுக்களும் இறந்தார்கள்.

வளைவின் வேலை

கழிப்பறைக் கோப்பைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழே குழாய் வளைந்து ஏறி இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிளம்பர்கள் இதை 'டிராப்' என்கிறார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் கடைசியில் சிறிதளவு நீர் அந்த வளைவில் தங்கிவிடும். சாக்கடையிலுள்ள காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த நீர்தான். இக்கால விதிகளின்படி அதன் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாக்கடைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள காவல் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே என்பது யோசித்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்து அரசவையைச் சேர்ந்த ஜான் ஹாரிங்டன் 1596-இல் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறை ஒன்றைப் பற்றி எழுதினார். அதில் இந்த வளைவு இல்லை. அந்தக் கழிப்பறை பரவவும் இல்லை. லண்டனில் கடிகாரம் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் பெற்ற காப்புரிமையில்தான் 'எஸ்' வடிவ வளைவு முறையாக இடம்பெற்றது. கோப்பையின் அடியில் அவர் வைத்த நகரும் அடைப்பான் சரியாக இயங்கவில்லை. கம்மிங்கின் கழிப்பறைகளை வீடுகளில் பொருத்திவந்த தச்சர் ஜோசப் பிராமா அதை மாற்றி, கீல் வைத்த அடைப்பானுடன் 1778-இல் தனியே காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவர் விட்ட குறையைப் பொருத்துபவர் கண்டு திருத்தியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பிராமாவைப் போன்ற கைத்திறன் எல்லாத் தொழிலாளருக்கும் வாய்க்கவில்லை.

பழைய வீட்டில் புதிய கழிப்பறை

அக்கால லண்டன் வீடுகளில் கழிவு, வீட்டுக்கு அடியிலோ முற்றத்திலோ இருந்த செங்கல் குழியில் சேர்ந்தது. ஆட்கள் இரவில் வந்து அள்ளிச் செல்வார்கள். குழி கெட்டிக் கழிவுக்காகக் கட்டப்பட்டது. அதன் சுவர்கள் ஈரத்தை மெல்ல மண்ணுக்குள் விட்டுவிடும். வசதி படைத்தவர்கள் மாடியில் ஃபிளஷ் கழிப்பறை வைத்து அதே குழியில் குழாயை இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வாளிக்கணக்கில் தண்ணீர் இறங்கியது. குழிகள் நிரம்பி வழிந்தன, கழிவுநீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளை நோக்கிக் கசிந்தது. மழைநீருக்காக மட்டுமே அமைக்கப்பட்ட சாக்கடைகளில் வீட்டுக் கழிவை விடுவதற்கு 1815 வரை அனுமதி இல்லை. 1848-க்குப் பிறகு அது கட்டாயமானது. தடையிலிருந்து கட்டாயத்துக்கு 33 ஆண்டுகளில் ஒரு நகரம் மாறியது. வீடுகளுக்குள் இருந்த குழாய்களோ மாறவில்லை.

வீட்டுப் புதுப்பித்தலின் அடிப்படைச் சிக்கல் இங்கேயே தெரிகிறது. முன்னால் இருக்கும் கருவி மாறுகிறது. அது போய்ச் சேரும் இடம் பழையதாகவே இருக்கிறது. இன்று நாற்பது ஆண்டு பழைய குழாயில் புதிய கோப்பையை இணைக்கும்போதும் நடப்பது இதுதான்.

பிராட் தெரு, 40-ஆம் எண் வீடு

1854 ஆகஸ்டு இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ வாதிட்டதும், செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டதும் பாடநூல்களில் வரும் செய்திகள். கிணற்றுக்குள் நஞ்சு எப்படி வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குழாய்ப் பணியின் வரலாற்றில் முக்கியமானது அதுவே.

முதலில் அதிகாரிகள் கிணற்றின் உட்புறத்தை ஆய்ந்து பார்த்தார்கள். ஓட்டை எதுவும் தென்படவில்லை. கிணறு குற்றமற்றது என்றே தோன்றியது. அப்பகுதியின் துணைப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் ஸ்னோவின் கருத்தை ஏற்காதவர். அதை மறுப்பதற்காகவே வீடு வீடாக விசாரித்தவர், சான்றுகளைக் கண்டு மனம் மாறினார். கிணற்றை ஒட்டிய 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று, கொள்ளை பெரிதாக வெடிப்பதற்குச் சற்று முன்பே வயிற்றுப்போக்கால் நோயுற்று இறந்திருந்தது பதிவேட்டில் அவர் கண்ணில் பட்டது. துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்பக்கக் குழியில் ஊற்றியதாகக் குழந்தையின் தாய் சொன்னார்.

அதன்பின் 1855 ஏப்ரலில் நிலத்தைத் தோண்டினார்கள். ஆய்வாளர் ஜெஹோஷாபாட் யார்க் எழுதிய அறிக்கை ஒரு மோசமான கட்டுமானத்தின் முழு விவரணையாகவே இருக்கிறது. வீட்டின் கழிவு வாய்க்கால் தட்டையான அடித்தளத்தோடு பழங்கற்களால் மூடப்பட்டிருந்தது. அதன் சுண்ணச்சாந்து உளுத்துப்போய், செங்கற்களை வலிந்து பெயர்க்கத் தேவையில்லாமல் கையால் எடுக்க முடிந்தது. முன்பக்கக் குழி உண்மையில் நாற்றத்தைத் தடுக்கும் டிராப்பாக இருக்க வேண்டியது. தவறாகக் கட்டியதால் அது வெறும் மலக்குழியாகி, அதன் மேலேயே ஒரு கழிப்பிடமும் வைக்கப்பட்டிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. இடையிலிருந்த மண் கழிவில் ஊறிக் கிடந்தது.

உட்புறம் பார்த்தபோது குறை தெரியவில்லை, வெளிப்புறம் தோண்டிய பிறகுதான் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் வந்த சோதனை முறைகள் எல்லாம் இந்தச் சிரமத்துக்கு விடை தேடியவைதாம்.

இளவரசரின் காய்ச்சல்

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் போனது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் பெருஞ்சாக்கடைத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. கிராஸ்னெஸ் நீரேற்று நிலையத்தை 1865 ஏப்ரலில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு திறந்துவைத்தார். தெருவுக்கு அடியில் சாக்கடை வந்தாயிற்று, இனி நோய் ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1871 இலையுதிர் காலத்தில், அதே இளவரசர் ஸ்கார்பரோ நகரில் லண்டெஸ்பரோ லாட்ஜ் என்ற மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். திரும்பியபின் டைபாய்டில் விழுந்தார். உடன் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு டிசம்பர் 1 அன்று அதே நோயால் இறந்தார். இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் இறந்தார். பத்தாண்டுகளுக்கு முன் டிசம்பர் 14 அன்று தந்தை ஆல்பர்ட் இறந்தபோதும் மருத்துவர்கள் டைபாய்டு என்றே பதிந்திருந்தனர். மகனும் அதே நாளில் சாவின் விளிம்பில் கிடந்தார். ஆனால் பிழைத்தார்.

குற்றம் மாளிகையின் கழிவுக் குழாய்களுடையதா என்று நாளிதழ்களிலும் மருத்துவ இதழ்களிலும் கடும் வாதம் நடந்தது. சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த ஸ்கார்பரோ நகரம் அதை மறுத்தது. ஐயத்துக்கு இடமின்றி எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் ஒரு செய்தி மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது: காசு இருந்தால் மட்டும் நல்ல குழாய் கிடைத்துவிடாது. சேரியின் பிரச்சினை என்று கருதப்பட்டது மாளிகைக்குள்ளும் இருந்தது. சொல்லப்போனால், குடிசைவாசிக்குக் கழிப்பிடம் முற்றத்தில் இருந்தது. செல்வந்தர் அதைப் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

சுவருக்குள் இருந்தவை

1870-களில் ஆய்வாளர்கள் வீடுகளின் தரையைப் பெயர்த்தும் சுவரை உடைத்தும் பார்த்தபோது வெளிப்பட்ட குறைகள் இன்றைய பிளம்பருக்கும் பழக்கமானவை.

முதலாவது, சாக்கடைக் குழாயின் வாட்டம். வீட்டுக்கு அடியில் மண்குழாய்களைப் போதிய சரிவின்றி, சில இடங்களில் எதிர்ச்சரிவாகக்கூடப் பதித்திருந்தார்கள். இணைப்புகளில் சிமெண்ட் இல்லை, களிமண்ணை அப்பியிருந்தார்கள் அல்லது ஒன்றுமே பூசவில்லை. கழிவு தெருச் சாக்கடைக்குப் போகாமல் சமையலறைத் தரைக்கு அடியில் தேங்கியது. வேறு வீடுகளில், புதிய சாக்கடை இணைப்பு கொடுத்தபோது பழைய மலக்குழியைக் காலி செய்து மூடாமல் மேலே பலகை போட்டு மறைத்திருந்தார்கள்.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி. மாடியிலுள்ள ஒரே தொட்டியிலிருந்து குடிநீரும் போனது, கழிப்பறைக்கும் தண்ணீர் போனது. தொட்டி நிரம்பி வழிந்தால் நீர் வெளியேற வேண்டிய குழாயைச் சுவருக்கு வெளியே விடுவதுதான் முறை. அதற்குத் துளை போட வேண்டும், கூடுதல் ஈயம் வேண்டும். பக்கத்திலேயே மலக்குழாய் இருந்ததால் அதிலேயே இணைத்துவிட்டார்கள். மலக்குழாயின் காற்று நேராகக் குடிநீரின் மேல்பரப்புக்கு வந்தது. இன்றைய கணக்கில் சில அடி பைப்பும் ஒரு மணி நேர வேலையும் மிச்சம் பிடித்ததற்கு ஒப்பான காரியம் இது.

மூன்றாவது, வேலையாள் பெருமையாகக் கருதியதே குறையாக இருந்தது. அக்கால ஈயத் தொழிலாளர்கள் 'டி டிராப்' என்ற ஒன்றைக் கையால் செய்தார்கள். ஈயத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த, 'டி' எழுத்து வடிவப் பெட்டி அது. அதை நேர்த்தியாகச் செய்வது கைத்திறனுக்கு அடையாளம். ஆனால் பெட்டியின் மூலைகளை ஓடும் நீர் தொடாது. அங்கே கழிவு ஆண்டுக்கணக்கில் படிந்து, அதன் வாயு ஈயத்தை மேலிருந்து அரித்து ஓட்டையாக்கியது. அதோடு சேர்த்து 'பேன் குளோசெட்' என்ற கழிப்பறையும் பரவலாக இருந்தது. கோப்பையின் அடியில் செம்புத் தட்டு ஒன்று நீரைத் தாங்கி நிற்கும். கைப்பிடியை இழுத்தால் தட்டு கவிழ்ந்து, கீழேயுள்ள இரும்புக் கூட்டில் கழிவைக் கொட்டும். அந்தக் கூட்டைக் கழுவ வழியே கிடையாது. ஒவ்வொரு இழுப்பிலும் கூட்டின் நாற்றம் அறைக்குள் வரும். மலிவாக இருந்ததால் பல பத்தாண்டுகள் விற்றது.

நான்காவது குறையைப் புரிந்துகொள்ளத்தான் அதிகக் காலம் பிடித்தது. டிராப் சரியாக இருக்கும், இணைப்பும் சரியாக இருக்கும், ஆனாலும் நாற்றம் வரும். மேல்மாடியில் ஒருவர் தொட்டி நீரைத் திறந்துவிட்டால், குழாய் நிறைய இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் கீழ்மாடி டிராப்பில் நின்ற நீரும் உறிஞ்சப்பட்டு ஓடிவிடும். டப்பாவிலிருந்து டியூப் வைத்துத் தண்ணீர் இறக்குவது போன்ற செயல்தான் இது. டிராப் வெறுமையானதும் வழி திறந்துவிடும். குழாயைக் கூரைக்கு மேல் வரை நீட்டித் திறந்துவிடுவதும், டிராப்புகளுக்குத் தனிக் காற்றுக்குழாய் வைப்பதும் இதற்கான தீர்வு. நம் ஊர் மொட்டை மாடிகளில் தொப்பி போட்டு நிற்கும் வென்ட் பைப் இந்தச் சிக்கலுக்காக வந்ததே.

புகையும் பெப்பர்மின்ட் எண்ணெயும்

லண்டன் பிளம்பர் ஸ்டீவன்ஸ் ஹெல்யர் 1877-இல் வெளியிட்ட நூலில் டி டிராப்பையும் பேன் குளோசெட்டையும் தாக்கி எழுதினார். தான் வடிவமைத்த மாற்றுக்கு 'ஆன்டி-டி டிராப்' என்று பெயர் வைத்தார் என்பதிலிருந்தே அவர் கோபத்தின் அளவு தெரியும். அடுத்த ஆண்டே லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல், வீட்டுக் குழாய்க் குறைகளைப் பற்றிய படநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டை நெடுக வெட்டிக் காட்டுவது போன்ற படங்கள். எந்த இணைப்பு பொய், எந்தக் குழாய் எங்கே போகாமல் நிற்கிறது, கெட்ட காற்று எந்த வழியாகப் படுக்கையறைக்கு ஏறுகிறது என்பவற்றை எழுத்தறிவு குறைந்தவரும் பார்த்த உடனே புரிந்துகொள்ளலாம். அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் இளவரசி ஹெலினா. 1871-இல் டைபாய்டிலிருந்து மீண்ட இளவரசரின் தங்கை அவர்.

எடின்பரோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஃபிளீமிங் ஜென்கின் இன்னும் நடைமுறையான வழியைக் கண்டார். கடலடித் தந்திக் கம்பித் துறையில் பெயர் பெற்றவர் அவர். 1878-இல் அவர் தொடங்கிய சுகாதாரப் பாதுகாப்புச் சங்கத்தில் வீட்டுக்காரர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், சங்கத்தின் பொறியாளர் வந்து வீட்டுக் குழாய்களைச் சோதிப்பார். தனித்தனி வீட்டுக்காரரால் அமர்த்த முடியாத வல்லுநரை, பலர் சேர்ந்து அமர்த்தலாம் என்பது அதன் எளிய கணக்கு. பிற நகரங்களும் இதைப் பின்பற்றின.

சோதனைக்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஒரு முறையில் சாக்கடைக் குழாய்க்குள் அடர்ந்த புகையைச் செலுத்தி, வீட்டுக்குள் எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். மற்றொன்றில் பெப்பர்மின்ட் எண்ணெயைக் கூரையிலுள்ள குழாய் வாயில் ஊற்றி, மேலே வெந்நீர் விடுவார்கள். உள்ளே ஓர் ஆள் அறை அறையாக மோப்பம் பிடித்து நடப்பார். ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது. அவர் கையிலும் உடையிலும் ஒட்டிய மணமே எல்லா இடத்திலும் கசிவு இருப்பதாகக் காட்டிவிடும். பெப்பர்மின்ட் மணம் சாப்பாட்டு அறையில் வந்தால் அந்த வீட்டுக்காரரிடம் வேறு விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

அமெரிக்காவில் ஹாரியட் பிளங்கெட் 1885-இல் பெண்கள், பிளம்பர்கள், மருத்துவர்கள் ஆகியோரைத் தலைப்பிலேயே இணைத்து ஒரு நூல் எழுதினார். வீட்டுக்குள் நாளெல்லாம் இருப்பவர்கள் பெண்கள். எனவே டிராப், வென்ட், வாட்டம் பற்றி அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிளம்பர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரை உருவாக்க முயன்றவர் என்று அவரைச் சொல்லலாம்.

யார் பொறுப்பு?

குறையுள்ள வீட்டுக்குப் பொறுப்பு யார் என்பதில் சண்டை ஓயவில்லை. வீட்டுக்காரர் பிளம்பரைச் சாடினார். பிளம்பர், குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்ட கட்டட ஒப்பந்தக்காரரைக் காட்டினார். ஒப்பந்தக்காரர், மலிவாக வேண்டும் என்று கேட்டவர் வீட்டுக்காரர்தானே என்றார். மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் அதிகம் கொடுக்க விரும்பவில்லை என்பதே அதன் சாரம்.

சட்டம் மெல்ல உள்ளே வந்தது. 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து 1877-இல் வந்த மாதிரி விதிகள், மலக்குழாயைக் கட்டடத்துக்கு வெளியே வைத்துக் கூரைக்கு மேல்வரை அதே அகலத்தில் கொண்டுபோகச் சொல்லின. பழைய ஆங்கிலேய வீடுகளின் வெளிச்சுவரில் குழாய்கள் ஏறியிறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அழகைக் கெடுத்தாலும், கசிந்தால் உடனே தெரியும். நியூயார்க் மாநிலம் 1881-இல் நியூயார்க், புரூக்ளின் நகரங்களின் பிளம்பர்கள் சுகாதார வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. லண்டனின் பழைய பிளம்பர் கில்டு 1886-இல் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதைச் சட்டப்படி கட்டாயமாக்க நாடாளுமன்றத்தில் பலமுறை முயன்றும் நிறைவேறவில்லை.

இவற்றுள் 1891-ஆம் ஆண்டின் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டத்திலுள்ள ஒரு பிரிவு கவனிக்கத்தக்கது. கழிப்பறையையோ சாக்கடையையோ நோய்க்கு இடந்தரும் வகையில் மோசமாகக் கட்டினாலோ பழுதுபார்த்தாலோ, அந்த வேலையைச் செய்தவருக்கு 20 பவுண்டு வரை அபராதம். தன் கவனக்குறைவால் நேரவில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். புதிய கட்டுமானத்தோடு பழுதுபார்ப்பையும் சேர்த்ததுதான் இதன் நுட்பம். வீட்டு வசதிக் குறைகளில் பெரும்பகுதி பழுதுபார்க்கும்போதே நுழைகிறது என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

தவறான கோட்பாடு, சரியான பழுதுபார்ப்பு

இதுவரை சொன்ன சீர்திருத்தக்காரர்களில் பெரும்பாலோர் சாக்கடைக் காற்றே டைபாய்டையும் தொண்டை அடைப்பானையும் உண்டாக்குகிறது என்று நம்பினார்கள். அது தவறு. டைபாய்டு நோயாளியின் மலத்திலிருந்து குடிநீர் வழியே பரவுகிறது என்று மருத்துவர் வில்லியம் பட் 1850-களிலேயே எழுதினார். கார்ல் எபர்த் 1880-இல் அதன் கிருமியை விவரித்தார். 1887-இல் கார்னெல்லியும் ஹால்டேனும் சாக்கடைக் காற்றை ஆய்ந்தபோது, வெளிக்காற்றைவிட அதில் நுண்ணுயிர்கள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

கோட்பாடு வீழ்ந்தாலும் செய்த பழுதுபார்ப்பு வீணாகவில்லை. குடிநீரையும் கழிவையும் பிரித்ததும், கசிந்த இணைப்புகளை மாற்றியதும் உண்மையான நோய்வழிகளையும் அடைத்தன. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. எல்லாரும் நாற்றத்தையே தேடினார்கள். நாற்றமே இல்லாமல் குடிநீர்க் குழாய்க்குள் கழிவு புகும் வழி ஒன்று இருந்தது. அதைக் கவனிக்க மேலும் அரை நூற்றாண்டு ஆனது.

சிகாகோ, 1933

அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹூவர் வணிக அமைச்சராக இருந்தபோது, ஊருக்கு ஊர் முரண்பட்ட பிளம்பிங் விதிகளை ஒழுங்குபடுத்த 1920-களில் குழு அமைத்தார். தேசியத் தர நிர்ணயப் பணியகத்தின் ராய் ஹன்டர் குழாய்களில் நீரோட்டத்தை ஆய்வகத்தில் அளந்து கணக்கிட்டார். எந்தக் கட்டடத்துக்கு எத்தனை அங்குலக் குழாய் வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த முறையை இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

எண்களின் காலம் வந்துவிட்டது என்ற நிலையில்தான் 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த பயணிகளிடையே அமீபிக் சீதபேதி பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 98 பேர் இறந்தனர். ஊர் திரும்பிய பிறகே பலருக்கும் நோய் தெரிந்ததால், உள்ளூர் மருத்துவர்கள் அதைக் குடல்வால் அழற்சி என்று தவறாகக் கருதி அறுவை செய்த நிகழ்வுகளும் உண்டு. விசாரணை, ஒன்றோடொன்று நீர் இணைப்புக் கொண்ட இரண்டு பழைய விடுதிகளில் போய் நின்றது. பல ஆண்டுகளாக மாற்றியும் கூட்டியும் அமைத்ததில், எந்தக் குழாய் எதற்கு என்பதே குழம்பிப் போயிருந்தது. பழுதான கழிவுக் குழாய்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாகப் போயின. குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும்போது கழிப்பறை நீரைத் திரும்ப உறிஞ்சக்கூடிய இணைப்புகளும் இருந்தன.

இந்த உறிஞ்சலைப் புரிந்துகொள்வது எளிது. வாளித் தண்ணீருக்குள் குழாய் மூழ்கியிருக்கும்போது கீழே யாரோ குழாயைத் திறந்தால், வாளி நீர் குழாய்க்குள் பின்னோக்கி ஏறலாம். கைகழுவும் தொட்டியில் குழாயின் வாய், நிரம்பும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதி இதனால் வலுப்பெற்றது. நம் வீடுகளில் கைக்குழாயின் ரப்பர் டியூப் வாளிக்குள் கிடப்பது சாதாரணக் காட்சி.

வறண்டுபோன வளைவு: ஹாங்காங், 2003

சாக்கடைக் காற்றுக் கோட்பாட்டை மருத்துவ வரலாறு ஓரங்கட்டி நூறாண்டு கழிந்தபின், டிராப் மீண்டும் செய்திக்கு வந்தது. 2003 மார்ச்சில் சார்ஸ் நோயுற்ற ஒருவர் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 'இ' கட்டடத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. சில வாரங்களில் அக்குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 42 பேர் இறந்தனர். ஒரே மேல்-கீழ் வரிசையிலுள்ள வீடுகளில் நோய் அதிகம் தென்பட்டது. அவ்வீடுகள் ஒரே கழிவுக்குழாயைப் பகிர்ந்துகொண்டவை.

அரசின் ஆய்வும் உலக சுகாதார நிறுவனத்தின் குழுவும் குளியலறைத் தரையிலுள்ள டிராப்பைச் சுட்டின. கட்டும்போது எல்லாம் சரியாகவே பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அங்குள்ளவர்கள் தரையில் நீர் ஊற்றிக் கழுவுவதை விட்டுத் துடைப்பானால் துடைக்கப் பழகியிருந்தார்கள். டிராப்பில் நின்ற நீர் ஆவியாகி வளைவு வறண்டது. சில வீடுகளில் தேவைக்கு மீறிய திறனுள்ள வெளியேற்று விசிறிகளைப் பின்னாளில் மாட்டியிருந்தார்கள். கதவை மூடி விசிறியைப் போட்டால் அது கழிவுக் குழாயிலிருந்தே காற்றை இழுத்தது, அதோடு கிருமி கலந்த நுண்துளிகளும் வந்தன. இந்த விளக்கத்துக்கு மறுப்புகளும் உண்டு. ஆனாலும் ஹாங்காங் அரசு அதன்பின் மக்களுக்குத் தந்த அறிவுரை மிக எளியது: தரை வடிகால் ஒவ்வொன்றிலும் வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.

நம் குளியலறையில்

தமிழ்நாட்டுக் குளியலறைத் தரையில் பொருத்தும் கிண்ணம் போன்ற வடிகாலைக் கடைகளில் 'நானி டிராப்' என்று கேட்டு வாங்குகிறார்கள். மராத்தியில் குளிக்குமிடத்துக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெளியே முற்றத்தில் வைக்கும் 'கல்லி டிராப்' ஆங்கிலேயர் வழியே வந்தது. இவற்றுள் நிற்கும் தண்ணீரின் ஆழம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தளத்தின் உயரம் போதவில்லை என்று ஆழம் குறைந்த டிராப்பை வைப்பதும், டைல்ஸ் பூசும்போது சிமெண்ட் கலவை விழுந்து வளைவை அடைப்பதும், அடைப்பு எடுக்க உள்மூடியைக் கழற்றி அப்படியே விட்டுவிடுவதும் நாற்றத்துக்கு வழக்கமான காரணங்கள். பூட்டிக் கிடக்கும் விருந்தினர் குளியலறையில் கோடைகாலத்தில் டிராப் வறண்டுவிடும். அதற்குப் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதில்லை, ஒரு குவளைத் தண்ணீர் போதும். குளியலறைக்கு வலுவான விசிறி மாட்டிய பிறகு நாற்றம் கூடினாலும் முதலில் பார்க்க வேண்டியது டிராப்பில் தண்ணீர் நிற்கிறதா என்பதைத்தான்.

புதுப்பிப்பவர்கள் செய்யக்கூடிய சோதனை இன்றும் விக்டோரியா காலத்தினது போலவே எளிமையானது. டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்துத் தளத்தில் ஓர் இரவும் பகலும் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பார்க்கலாம். மேல்மாடிக் கழிப்பறையை ஃபிளஷ் செய்யும்போது கீழ்மாடி டிராப்பில் 'குளுக்' என்ற ஒலி வந்தால் வென்ட் பைப் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். குழாய்களை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஆணி அடிப்பவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.